பேர் சொல்லக் கூடாத வகுப்பு

இந்தக் குடையைப் பார்த்துத்தானே சிரிக்கிறீர்கள்? சிரியுங்கள் சார், பரவாயில்லை. பூப்போட்ட குடை, பிடியில் ஒரு முயல் முகம், அதைப் பிடித்திருப்பது அறுபதை நெருங்குகிற ஆள். பஸ் ஸ்டாண்டில் ஏற்கனவே ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். இது என்னுடையது இல்லை. யாருடையது என்று அப்புறம் சொல்கிறேன்.

உங்கள் பேரைச் சொல்ல வேண்டாம். நான் கேட்கவும் மாட்டேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் விண்டோ சார் என்று வைத்துக்கொள்வோம். கோபித்துக்கொள்ளாதீர்கள், என்னிடம் வருகிற எல்லாருக்கும் இதுதான் மரியாதை.

என் பேர் தனுஷ்கோடி. அருப்புக்கோட்டையில் ஒரு இரும்புக்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் வைத்திருக்கிறேன். கீழே கம்பி அறுக்கிற சத்தம், மேலே நான். எனக்கு மட்டும் பேர் எதற்கு என்கிறீர்களா? வாத்தியாருக்குப் பேர் வேண்டும் சார். வெளியே போர்டில் எழுத வேண்டாமா?

ஊரில் இன்னும் சில சென்டர்கள் இருக்கின்றன. அங்கே முதல் நாளே 'ஹவ் ஆர் யூ, ஐ ஆம் ஃபைன்' என்று ஆரம்பித்துவிடுவார்கள். என்னிடம் முதல் மாதம் முழுக்க நவுன் மட்டும்தான். வெறும் பெயர்ச்சொல். வினைச்சொல் எவன் வாயிலாவது வந்தால் உட்காரச் சொல்லிவிடுவேன். ஏன் தெரியுமா? வெளிநாட்டில் உங்களுக்குத் தண்ணீர் தவிக்கிறது. 'வாட்டர்' என்று ஒரு வார்த்தை சொன்னால் எவனாவது கொண்டுவந்து கொடுப்பான். 'கிவ் மீ, கிவ் மீ' என்று கத்திக்கொண்டே இருந்தால் என்னத்தைக் கொடுப்பான்? நவுன் இல்லாத இங்கிலீஷ் அப்படித்தான்.

நவுன் ஐந்து வகை. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், மறந்திருப்பீர்கள். பிராப்பர் நவுன், காமன் நவுன், கலெக்டிவ் நவுன், மெட்டீரியல் நவுன், அப்ஸ்ட்ராக்ட் நவுன். ஒரு ஆளுக்கு, ஒரு ஊருக்கு என்று தனியாக இருக்கிற பேர் பிராப்பர் நவுன். பையன், தெரு, வாளி இதெல்லாம் காமன் நவுன். கூட்டத்துக்கு ஒரே பேராக இருந்தால் கலெக்டிவ். தங்கம், அரிசி மாதிரி எண்ண முடியாத பண்டம் மெட்டீரியல். தங்கத்தை எண்ண முடியாது என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் கையை நீட்டி, "ரெண்டு வளையல். எண்ணிட்டேன்" என்றாள். சீனியம்மாளுக்கு இலக்கணம் ஏறாது. கடைசி வகை அப்ஸ்ட்ராக்ட். அன்பு, நேர்மை, மானம். இருக்கும், ஆனால் கையால் தொட முடியாது.

இதில் பிராப்பர் நவுன்தான் ஆபத்து. நம் பக்கத்தில் ஒருவன் பேரைச் சொன்னால் ஊர் தெரிந்துவிடும். ஊர் தெரிந்தால் தெரு தெரிந்துவிடும். தெரு தெரிந்த பிறகு பக்கத்து நாற்காலியில் இருக்கிறவன் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போடுவான். முதல் வருஷம் என் கண்ணாலேயே பார்த்தேன். அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன். என் வகுப்பில் யாருக்கும் பேர் கிடையாது. சேருகிற அன்றைக்கு ஆளைப் பார்த்ததும் என் கண்ணில் எந்தப் பொருள் படுகிறதோ அதுதான் அவன் பேர். காமன் நவுன். தன் பேரையோ அடுத்தவன் பேரையோ சொல்கிறவன் போர்டைத் துடைக்க வேண்டும், அதுவும் ஈரத்துணியால். அதற்குப் பிறகு நாற்காலி நகரவே இல்லை சார். எவன் எந்த ஆள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. என்னை மாதிரி மனுஷன் இந்த ஊரில் அபூர்வம். நானே சொல்லக் கூடாது, ஆனால் வேறு யாரும் சொல்லவில்லையே.

என் மகள் பூங்கோதை பி.காம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அதுவரை சும்மா எதற்கு இருக்கிறாய், வந்து நவுன் படி என்று கூட்டிவந்தேன். சுள்ளென்று வெயில், குடையோடு வந்தாள். மகள் என்று சலுகை கிடையாது, அவளும் அம்ப்ரெல்லாதான். ஆமாம், இதே குடைதான்.

அதே வாரம் ஒரு பையன் வந்து சேர்ந்தான். டூவீலர் ஷோரூமில் வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் அவன் அம்மாவுக்குப் புதுசாக ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி வாங்கி, அதோடு மாடி ஏறி வந்தான். "பக்கெட்" என்றேன். "எஸ் சார்" என்றான். ஒரு வார்த்தை எதிர்க்கேள்வி இல்லை. அப்படி ஒரு மாணவன் எனக்கு அதற்கு முன்னால் வாய்த்ததில்லை, அதற்குப் பிறகும் வாய்க்கவில்லை. அப்ஸ்ட்ராக்ட் நவுன் நடத்துகிறேன். "சார், வெட்கத்தைத் தொட முடியாதுன்னு சொல்றீங்க. ஆனா வந்தா காது சுடுதே, அதைத் தொட்டுப் பார்க்கலாமே?" என்று கேட்டான். யாருக்கு இப்படித் தோன்றும்? வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் அவன் பேச்சுத்தான். "பக்கெட்டுக்கு இருக்கிற மூளையில பாதி உனக்கு இருந்தா போதும்" என்று பூங்கோதையிடம் சொல்வேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு ரசம் ஊற்றிக்கொள்வாள்.

அடுத்து, நவுன் வாக்கியத்தில் என்ன வேலை பார்க்கிறது என்ற பாடம். இது நானே கண்டுபிடித்த முறை, கேளுங்கள். தமிழில் 'குடை வாளியைத் தூக்கியது' என்றாலும், 'வாளியைக் குடை தூக்கியது' என்றாலும் தூக்கியது குடைதான். ஏனென்றால் வாளிக்கு 'ஐ' என்று ஒரு முத்திரை குத்திவிடுகிறோம். அது எங்கே போய் நின்றாலும் முத்திரை கூடவே போகும். இங்கிலீஷில் முத்திரை கிடையாது. நிற்கிற இடம்தான் பதவி. வினைக்கு முன்னால் நின்றால் செய்கிறவன், பின்னால் நின்றால் வாங்கிக்கொள்கிறவன். இடம் மாறினால் வேலை மாறிவிடும். என்ன அருமையான ஏற்பாடு பாருங்கள்.

இதைச் சும்மா சொன்னால் ஏறாது. ஆட்களை நிறுத்திக் காட்டுவேன். ரிட்டயர்டு போஸ்ட்மேன் ஒருவர் படித்தார், வகுப்பில் அவர் பேர் பெஞ்ச். அவரை நடுவில் வினைச்சொல்லாக நிறுத்தினேன். இந்தப் பக்கம் பக்கெட், அந்தப் பக்கம் அம்ப்ரெல்லா. "பக்கெட் கேரீஸ் அம்ப்ரெல்லா. மாறு. அம்ப்ரெல்லா கேரீஸ் பக்கெட். மாறு." வகுப்பே சிரித்தது. எல்லாருக்கும் ஒரே நாளில் புரிந்துவிட்டது. என்னவோ, மூளைக்காரனான பக்கெட்டுக்கும் என் மகளுக்கும் மட்டும் அந்தப் பாடம் ஏறவே இல்லை. "இன்னொரு தடவை சார்" என்பான். "சரியாப் புரியலப்பா" என்பாள். நானும் அலுத்துக்கொள்ளாமல் தினம் நிறுத்தி நடத்தினேன். பெஞ்ச் ஒருநாள், "சார், நடுவுல நிக்கிறவனுக்குத்தான் சார் எல்லாம் தெரியுது" என்றார். "என்ன தெரியுது?" என்றேன். "வெர்பு சார்" என்றார். வயசானவருக்கு எவ்வளவு ஆர்வம் பாருங்கள் என்று வீட்டில் சொன்னேன்.

சீனியம்மாள்தான் முதலில் ஆரம்பித்தாள். "உங்க பொண்ணு அந்தப் பக்கெட்டோட ரொம்பப் பேசுது."

"வகுப்புல பேசாம வேற எங்க பேசும்?"

"மாடிப்படியிலயும் பேசுது."

"இங்கிலீஷ்லயா, தமிழ்லயா?"

அவள் உள்ளே போய்விட்டாள். பதில் தெரியாவிட்டால் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அப்புறம் என் மச்சினன் கண்ணாயிரம் வந்தான். வந்தவன் உட்காரவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "மாமா, நம்ம பிள்ளைய ஒருத்தன் கூடப் பார்த்திருக்காங்க. உங்க சென்டர்ல படிக்கிறவனாம்" என்று ஒரு பேரைச் சொன்னான். அந்தப் பேரை நான் சொல்ல மாட்டேன் சார். அன்றையிலிருந்து இன்றைக்கு வரைக்கும் என் வாயால் சொன்னதில்லை. பேரைக் கேட்டதும் எனக்கு ஊர் தெரிந்துவிட்டது, தெருவும் தெரிந்துவிட்டது. நான் கேட்கவில்லை சார், அது தானாகத் தெரிகிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

"அப்படி ஒருத்தன் என்கிட்ட படிக்கவே இல்ல" என்றேன்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க மாமா."

"யோசிக்க என்ன இருக்கு? அந்தப் பேரே என் சென்டர்ல கிடையாது."

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வகுப்பில் அந்தப் பேரை ஒரு துண்டுச் சாக்பீஸால் போர்டில் எழுதி, "இந்தப் பேர்ல இங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டேன். ஒரு கை எழவில்லை. பேரை எடுத்தவன்தான் துடைக்க வேண்டும் என்பதால் நானே ஈரத்துணி எடுத்துத் துடைத்தேன். சட்டம் என்றால் எல்லாருக்கும்தானே. பக்கெட்டைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் என் கண்ணைப் பார்த்து, "நம்ம கிளாஸ்ல பர்சனே கிடையாதே சார், எல்லாம் திங்ஸ்தானே" என்றான். என் பாடம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தக் கணத்தில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. யாரோ ஒருத்தன் வெளியே சுற்றுகிறான். என் சென்டர் பேரைச் சொல்லிக்கொண்டு பெண்ணை மடக்கப் பார்க்கிறான். நம்பிக்கையான ஒரு ஆள் காவலுக்கு வேண்டும். பக்கெட்டின் தோளில் கை போட்டேன். "தம்பி, வகுப்பு முடிஞ்சதும் அம்ப்ரெல்லாவை நீதான் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விடணும். எவனாவது பக்கத்துல வந்தா என்கிட்ட வந்து சொல்லணும்" என்றேன். கொஞ்சம் தயங்கினான் சார். மரியாதை தெரிந்த பையன். "நீங்க சொன்னா செய்றேன் சார்" என்றான்.

தினமும் வந்து சொல்வான். "நோ பர்சன், சார்."

"முழு வாக்கியமாச் சொல்லு."

"நோ பர்சன் கேம், சார்."

"குட். சப்ஜெக்ட் எது?"

"பர்சன், சார்."

அப்படியே ஒரு மழைக்காலம் போயிற்று. நானும் நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் வகுப்புக்கு வரவில்லை. மழை பெய்கிறது, குடை வீட்டில் கிடக்கிறது, அதனால் எங்கேயோ ஒதுங்கி நிற்கிறாள், பக்கெட் கூட இருக்கிறான், பயமில்லை என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. கல்யாணம் பண்ணிக்கொண்டு பாதுகாப்பு கேட்டு வந்திருக்கிறார்கள், பெண்ணுடைய அப்பா வர வேண்டும் என்றார்கள்.

எங்கள் பக்கம் ரெண்டு வேன் நிறைய வந்தார்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கலெக்டிவ் நவுன் இருக்கிறது, அன்றைக்கு வந்த என் சொந்தக்காரர்களுக்கு ஒன்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பக்கம் வந்தது ஒரே ஒரு அம்மா. தூக்குச்சட்டியோடு ஓரமாக நின்றார்கள்.

பெண் இன்ஸ்பெக்டர் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். பக்கெட் எழுந்தான்.

"நீ ஏன்டா எந்திரிக்கிற? உட்காரு. அவன் வரட்டும்" என்றேன்.

"சார், இவர்தான் மாப்பிள்ளை" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்ல மேடம், இது பக்கெட்."

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டு, தண்ணீர் கொடுத்தார். வாட்டர் என்று நான் கேட்கவே இல்லை.

"ஏன்டா, வகுப்புல கேட்டேன்ல, ஏன் சொல்லல?" என்றேன்.

"பேரு சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க."

"தினமும் எவனும் வரலன்னு சொன்னியே?"

"வேற எவனும் வரல சார்."

பின்னால் நின்ற கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். எனக்குக் காது சுட்டது. தொட்டுப் பார்த்தேன். அந்த விஷயத்தில் அவன் சொன்னது சரிதான், அதை ஒப்புக்கொள்கிறேன். பூங்கோதை என் பக்கத்தில் வந்து, "அப்பா, உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஸ்டூடன்ட்தானப்பா" என்றாள். அந்த அம்மா என்னிடம் வந்து, "ஐயா, அன்னைக்கு வாளி வாங்கிட்டு வாடான்னு நான்தான் சொன்னேன். கோவம் இருந்தா என்கிட்ட காட்டுங்க" என்றார்கள். வாளியின் மேல் என்ன கோபம்?

சார், சத்தியமாகச் சொல்கிறேன். பக்கெட் வந்து பெண் கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன். அப்படி ஒரு தங்கமான பையன். அந்தப் பேர்க்காரனுக்குத்தான் கொடுக்க மாட்டேன் என்றேன். இதைச் சொன்னால் சீனியம்மாள், "ரெண்டும் ஒரே ஆளுதானே?" என்கிறாள். ஆள் ஒன்றுதான். நவுன் வேறு. இலக்கணம் படித்திருந்தால் புரியும்.

அதற்குப் பிறகு நான் பேசவில்லை. ரெண்டு வருஷம் ஆகப் போகிறது. குடை மட்டும் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வகுப்பில் அவர்கள் ரெண்டு பேர் நாற்காலியிலும் வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு டார்ச் லைட், ஒரு தலையணை. ரெண்டும் மக்கு.

போன மாதம் சீனியம்மாள் பிரசவம் பார்க்கக் கிளம்பிவிட்டாள். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள், கேட்டுவிட்டுப் போகவில்லை. பெண் குழந்தை. நேற்று பூங்கோதையே போன் செய்தாள்.

"அப்பா, இவுங்க ஊர்ல தலைப்பிள்ளைக்குச் சாமி பேருதான் வைப்பாங்க. ஆணா இருந்தாலும் பொண்ணா இருந்தாலும் அந்தச் சாமிதான். நான்தான் எங்க அப்பா வந்து காதுல பேர் சொல்லட்டும்னு பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கேன். அத்தையும் சரின்னுட்டாங்க. நாளைக்குப் பொழுது சாயுற வரைக்கும் பார்ப்போம். நீங்க வரலன்னா சாமி பேருதான்."

பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. யாரோ, "ஸ்பூன் எந்திரிச்சிருச்சு" என்றார்கள்.

"என்னது, ஸ்பூனா?" என்றேன்.

"பேர் வைக்கிற வரைக்கும் காமன் நவுன்ப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அதனால்தான் சார் இந்த பஸ். பேத்தியைப் பார்க்கவா போகிறேன்? அந்தச் சாமி பேர் விழாமல் தடுக்கப் போகிறேன், அவ்வளவுதான். என்னுடைய கஷ்டம் வேறு. பஸ் ஸ்டாண்டில் ஏறினதிலிருந்து பேர் யோசிக்கிறேன். ஒரு நல்ல பேர் வருகிறது. வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். உடனே ஒரு ஊர் தெரிகிறது, ஒரு தெரு தெரிகிறது. அதை விட்டுவிட்டு இன்னொன்று. அதிலும் ஒரு தெரு. சரி, வடநாட்டுப் பேராக வைக்கலாம் என்றால், தெருவை மறைக்கத்தான் வைத்தான் என்பார்கள். இவ்வளவு பேரில் தெரு இல்லாத பேர் ஒன்றுகூட இல்லை சார். இதுவரைக்கும் யோசித்ததில் ஸ்பூன்தான் பரவாயில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்களே.

அதோ, ஸ்டாப் வந்துவிட்டது. சீனியம்மாள் இங்கேதான் இறங்கச் சொன்னாள். இறங்கி யாரைக் கேட்டாலும் வீட்டைச் சொல்வார்கள் என்றாள். கேட்கலாம், என்னவென்று கேட்பது? போனை எடுக்க மாட்டேன் என்கிறாள். வேண்டுமென்றேதான் எடுக்காமல் இருக்கிறாள், எனக்குத் தெரியும்.

விண்டோ சார், கொஞ்சம் தலையைச் சாய்த்துக்கொள்ளுங்கள். தப்பான ஸ்டாப்பாக இருந்துவிடப் போகிறது, அந்த டீக்கடையில் கேட்டுவிட்டு இறங்குகிறேன்.

ஐயா. டீக்கடைக்காரரே. இங்க டூவீலர் ஷோரூம்ல வேலை பார்க்கிற பையன் வீடு எது? ... நிறையப் பேரு போறாங்களா? ... கல்யாணம் ஆன பையன்யா. பிள்ளை பிறந்திருக்கு. ... பேரா?

கண்டக்டர், ஒரு நிமிஷம். விசில் அடிக்காதீங்க. சொல்றேன், இருங்க.

இருளப்பன்.

என்ன, எந்த இருளப்பனா? எத்தனை பேருய்யா இருக்கீங்க? ... உம்ம பேரும் அதுதானா? அந்த பெஞ்சுல உட்கார்ந்திருக்கிறவருக்குமா? சார், சிரிக்காதீர்கள். தனி ஆள் பேர் என்று நான் ரெண்டு வருஷமாக வாயில் போடாமல் வைத்திருந்தால், ஊர் முழுக்கத் தலைப்பிள்ளைக்கு அந்தச் சாமி பேரையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்கள். ... கண்டக்டர், இறங்கிருவேன்ய்யா, உறுமாதீங்க. ... அடையாளமா? நல்ல உயரம். அமைதியான பையன். யார் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேச மாட்டான். அம்மா மேல உசுரு. ... நான் யாரா?

என் மருமகன்ய்யா அது. என் மருமகன் இருளப்பன்.

... என்ன சொன்னீரு? திரும்பச் சொல்லும்.

சார், கேட்டீர்களா? 'அட, பக்கெட் வீடா? மொதல்லயே சொல்றதுக்கென்ன' என்கிறான். ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறதாம்.

அந்தப் பையை எடுத்துக் கொடுங்கள் சார். குடையையும்தான்.